யூதர் தெருவிலிருந்து வந்த கேக்

எங்கள் சொந்தக்காரர் மத்தியில் என் அம்மாவுக்கு ஒரு பட்டம் உண்டு: பாப்பரசரை விட்டுவிட்டுக் கேக் வாங்கப் போனவள். ஷார்ஜாவில் இருந்த பெரியப்பா கொடுத்த பட்டம் அது. அவர் கொடுத்த கையோடு அது கொழும்புக்குப் போனது, கனடாவுக்குப் போனது, போகாத இடமில்லை. இன்றைக்கும் ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் கூடினால் யாராவது அதை எடுத்து வைத்துச் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. அன்றைக்கு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனவள் நான். கதையைச் சொல்லும் உரிமை, அங்கே இல்லாத இவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. ஆகவே நானே சொல்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில ஆண்டுகளில் ஒன்று அது. எனக்குப் பத்து வயது. துபாயில் கராமாவில், கீழே மலையாளிகளின் சாப்பாட்டுக்கடையும் ஒரு தையற்கடையும் இருந்த பழைய கட்டடத்தில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஒரு கட்டுமானக் கொம்பனியின் ஸ்டோரில் வேலை. வீட்டின் முன்னறைச் சுவரில் மாதா படம் ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட அதே உயரத்தில், சித்தப்பாவின் படம்.

சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பி. யாழ்ப்பாணத்தில் சண்டை நடந்த காலத்தில் ஒரு காலை பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனார். வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது ஆமி அடித்த ஷெல் அங்கே விழுந்தது. நான் பிறப்பதற்கு முன்னமே நடந்தது இது. எனக்கு அவரைத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு பின்னேரமும் செபமாலை முடிந்ததும் "சித்தப்பாவுக்காக" என்று சொல்லி, மாதாவை நோக்கிச் சொல்லும் அருள்நிறை மந்திரத்தின் முதல் பாதியை நான் சொல்ல வேண்டும். மற்றப் பாதியை அப்பா எடுப்பார், அம்மாவும் நானும் கூடச் சேர்ந்துகொள்வோம். அது எங்கள் வீட்டு வழக்கம். இன்னொரு வழக்கமும் இருந்தது. அப்பா எந்தப் பேக்கரி வாசலிலும் வரிசையில் நிற்க மாட்டார். குபூஸ் ரொட்டி வாங்குவதற்கு அம்மாதான் கீழே இறங்கிப் போவாள். நான் அதை அப்பாவின் சோம்பல் கணக்கில் எழுதியிருந்தேன்.

அம்மாவுக்கு ஒரு தங்கை இருந்தாள். எனக்குச் சின்னம்மா. ரோமுக்கு வீட்டு வேலைக்கென்று போனவள், அங்கே ஒரு சிங்களவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குச் சொல்லியிருந்தது ஒன்றே ஒன்று: அவள் இல்லை. இல்லை என்றால் செத்துப்போனவள் என்று எடுத்துக்கொண்டேன். அப்படியானால் அவளுக்கு ஏன் சுவரில் படமும் இல்லை, மந்திரமும் இல்லை என்று ஒருமுறை கேட்டேன். "படிக்கிற வேலையைப் பார்" என்றாள் அம்மா.

அந்தச் செத்துப்போன சின்னம்மாவிடமிருந்து ஒரு நாள் கேக் வந்தது.

ரோமில் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, லீவில் ஊருக்குப் போகும் வழியில் துபாயில் இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தாள். தேத்தண்ணி குடித்தாள். அப்பா டியூட்டியால் வருவதற்கு முன் எழும்பிப் போய்விடும் அவசரத்தில் இருந்தாள். போகிறபோது பையிலிருந்து ஒரு பொதியை எடுத்து அம்மாவின் கையில் வைத்தாள்.

"உங்கட தங்கச்சி தந்துவிட்டவ. அவ வேலை செய்யிற கடையில சுட்டது. யூதர் தெருவில இருக்கு."

யூதர் என்ற சொல்லை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். துபாயில் அந்தச் சொல்லை அப்படித்தான் சொல்வார்கள். கடைக்கு வழியும் சொன்னாள். ஆற்றங்கரையில் சதுரக் கூரை வைத்த பெரிய யூதக் கோயில் இருக்கும், அதற்குப் பின்னால் தெரு, தெரு முனையில் பெயர்ப்பலகை இல்லாத கடை, பலகை இல்லாவிட்டால் என்ன, கருகல் வாசம் வரும், மூக்கை நம்பிப் போகலாம். எத்தனையோ தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்துகிற கடையாம்.  திருப்பிச் சொல்லிப் பார்க்கிறவள் போல அம்மாவின் உதடு மட்டும் அசைந்தது.

பொதியைப் பிரித்தால் உள்ளே ஒரு கருப்புக் கட்டி. செங்கல்லின் பாரம். அதற்கு அந்த ஊரில் பீட்சா என்று பெயராம். என் வகுப்புப் பிள்ளைகள் வாய் நிறையச் சொல்லும் பீட்சா இதுதானா என்று நான் நொந்துபோனேன்.

அப்பா வந்தார். மேசையில் இருந்ததைப் பார்த்தார். யார் தந்தது என்று கேட்டார். அம்மா மறைக்கவில்லை, தங்கச்சி என்றாள். அப்பா அதைத் தாளோடு தூக்கிக்கொண்டு போய்க் குசினிக் குப்பை வாளிக்குள் போட்டார். பிறகு சோப் போட்டுக் கை கழுவினார். கழுவிக்கொண்டே, "அவளும் கருகிப்போனாள், அவள் அனுப்பினதும் கருகிப்போச்சு" என்றார்.

அம்மா வாளிக்குள் கையை விட்டு அதை எடுத்தாள். தாளில் ஒட்டியிருந்த வெங்காயத் தோலைத் தட்டிவிட்டாள். கத்தியால் ஒரு துண்டு வெட்டி, அப்பா பார்த்துக்கொண்டிருக்கவே, நின்றபடி வாயில் போட்டு மென்றாள். அடுத்த துண்டை என்னிடம் நீட்டினாள். நான் அப்பாவைப் பார்த்தேன், அம்மாவைப் பார்த்தேன், வாங்கித் தின்றேன். மேலே கசப்பு. உள்ளே பாதாம், முந்திரிகைவற்றல், சீனிப்பாகில் ஊறிய பழத்துண்டுகள். கசப்பும் இனிப்பும் ஒன்றாக இறங்கின. பீட்சா மேல் இருந்த கோபம் எனக்குப் போய்விட்டது.

அடுத்த சில மாதங்களில் அம்மாவுக்குப் பக்தி முற்றிவிட்டது. எங்கள் கோயிலின் தமிழ் ஆட்கள் ரோமுக்கு யாத்திரை போவதாகப் பேச்சு எழும்பியது. அம்மா முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். பாப்பரசரை ஒருமுறை கண்ணால் கண்டால் போதும் என்றாள். அப்பாவுக்கு உள்ளே சந்தேகம் இருந்தது. ஆனால் பாப்பரசரைப் பார்க்க வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? கொம்பனிக்காரன் வருடம் முழுக்கத் தன் அலுமாரியில் பூட்டி வைத்திருக்கும் பாஸ்போர்ட்டைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தார். அம்மாவுடையதையும் என்னுடையதையும் அதோடு சேர்த்து, இடுப்பில் கட்டும் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். அந்தப் பையை ரோமில் படுக்கும்போதும் அவர் கழற்றவில்லை.

யாத்திரையில் சனிக்கிழமை பிற்பகல் மட்டும் ஓய்வு. அம்மா அந்தப் பிற்பகலைத்தான் பிடித்து வைத்திருந்தாள். அவளுடைய கணக்கு இது: துபாயில் கடை பூட்டுவது வெள்ளிக்கிழமை. எங்களுக்கு ஞாயிறு பூசையே வெள்ளிக்கிழமைதான் நடக்கும். இத்தாலியில் பூட்டுவது ஞாயிற்றுக்கிழமை. ஆகவே சனிக்கிழமை உலகம் முழுக்கத் திறந்திருக்கும். வளைகுடாவில் வாழ்ந்த எந்தக் கிறிஸ்தவப் பெண்ணும் இந்தக் கணக்கைத்தான் போட்டிருப்பாள்.

செபமாலை வாங்கப் போகிறோம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கினாள். ஆற்றங்கரையோடு நடந்தோம். சதுரக் கூரை தெரிந்தது. அதன் வாசலில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் நின்றான். அம்மாவின் நடை அப்படியே நின்றது. அவளுடைய வலது கை தானாகக் கைப்பைக்குள் போய் எதையோ தேடியது. துப்பாக்கிக்காரனைக் கண்டால் அடையாள அட்டையை எடுத்து நீட்டுவது எங்கள் ஊர்க் கைகளின் பழக்கம். கைப்பைக்குள் ஒன்றும் இல்லை. எல்லாம் அப்பாவின் இடுப்பில் இருந்தது. நெற்றியில் வேர்வையோடு அவள் என்னை இழுத்துக்கொண்டு அவனைக் கடந்தாள். அவன் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

தெரு முனைக்கு வந்தோம். கருகல் வாசம் இல்லை. கடைக்கதவு இறுக்கப் பூட்டியிருந்தது. கோட்டும் தொப்பியும் போட்ட கிழவர்கள் பேரப்பிள்ளைகளோடு சாவகாசமாக உலாத்திக்கொண்டிருந்தார்கள். அம்மா கதவைத் தட்டினாள். பிறகு குத்தினாள். போகிற வழியில் ஒரு பெரியவர் நின்று, நாளைக்கு வாருங்கள், இன்று ஓய்வுநாள் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஓய்வுநாளில் குணமாக்கலாமா கூடாதா என்று யூதர்கள் யேசுவோடு சண்டை பிடித்ததை வருடா வருடம் பூசையில் கேட்டு வளர்ந்தவள். சிறு வயதில் ஞானோபதேசப் பரீட்சையில் முதல் பரிசு வாங்கியவளாம். அந்த ஓய்வுநாள் என்பது சனிக்கிழமை வரும் என்பதும், அதை இன்றைக்கும் ஆட்கள் கொண்டாடுவார்கள் என்பதும் அவளுடைய மூளையில் ஏறவே இல்லை. எனக்குக் கால் வலித்தது. கேக் இல்லையா என்று கேட்டேன். "வாயைப் பொத்து" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ரோமில் இருந்த கடைசி நாள். மத்தியானம் பாப்பரசர் பெரிய கோயில் சதுக்கத்தைப் பார்த்த ஜன்னலில் தோன்றி ஆசீர்வாதம் கொடுப்பார். அது முடிய அங்கிருந்தே பஸ் நேராக விமான நிலையத்துக்கு. யாத்திரை முழுவதும் அந்த ஜன்னலுக்காகத்தான். ஹோட்டல் வாசலில் எல்லாரும் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தபோது அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

"நான் வரேல்ல. தங்கச்சியப் பாக்கப் போறன். பஸ் வெளிக்கிட முதல் சதுக்கத்துக்கு வந்திடுவன்."

எல்லார் காதிலும் விழும்படிதான் சொன்னாள். அப்பாவின் முகம் கறுத்தது. அவர் சத்தம் போடவில்லை. இடுப்புப் பையில் கையால் தட்டினார்.

"எல்லாம் இதுக்குள்ள இருக்கு. என்ர விசாவிலதான் நீ துபாய்க்குள்ள கால் வைக்கலாம். யோசிச்சுப் போ."

"எனக்குப் புருசன் ஒருத்தர் இருக்கிறார் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். கஃபீல் எண்டு இப்பதான் தெரியுது. வச்சிருங்கோ. நல்லா இறுக்கிக் கட்டி வச்சிருங்கோ."

பஸ்ஸுக்குள் யாரோ இருமினார்கள். துபாயில் ஒவ்வொருவனுடைய விசாவையும் வேலையையும் பிடித்து வைத்திருக்கும் முதலாளிக்குப் பெயர் கஃபீல். அந்தச் சொல்லை ஒரு மனைவி புருசனைப் பார்த்துச் சொன்னதை அந்த பஸ்ஸில் இருந்த எவரும் அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார்கள். எங்களோடு வந்த கோயில் சுவாமியார் இறங்கி வந்து, பாப்பரசரின் ஆசீர்வாதம் வாழ்க்கையில் ஒருமுறை கிடைப்பது, இழக்கக்கூடாது என்று சமாதானம் பேசினார்.

"ஜன்னலில நிண்டு ஊருக்கெல்லாம் பொதுவாத்தானே சுவாமி குடுக்கிறார். யூதர் தெருவுக்கும் அது வரும்" என்றாள் அம்மா.

சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினாள். நான் ஓடவேண்டியிருந்தது. திரும்பிப் பார்க்காதே என்று அவள் சொல்லவில்லை, ஆனாலும் நான் பார்க்கவில்லை. அப்பாவை விட்டுவிட்டுப் போகிறோம் என்ற பயம் எனக்கு ஒரு துளியும் இருக்கவில்லை என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எனக்கு இருந்த ஒரே கவலை, கேக் முடிந்துவிடக்கூடாது.

அன்றைக்கு வாசம் பாலத்துக்கே வந்துவிட்டது. கடை வாசலில் கூட்டம் பிதுங்கியது. உள்ளே குழாய்விளக்கு வெளிச்சத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் கருப்புக் கட்டிகள், மேல் கறுத்த பெரிய வட்ட அப்பங்கள், பெட்டிக்குப் பின்னால் இரண்டு கிழவிகள். ஒருத்தி முகத்திலும் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. வந்தவர்களை அதட்டி அதட்டிக் கேக் விற்றார்கள். வந்தவர்களும் அதட்டு வாங்கி, வாங்கியதைக் கும்பிடாத குறையாகக் கொண்டுபோனார்கள். எங்கள் முறை வந்தது. கிழவி அம்மாவைப் பார்த்து மோவாயை உயர்த்தினாள்.

அம்மாவுக்கு அந்த மொழியில் ஒரு சொல் தெரியாது. இத்தனை வருடத்தில் வெளிமனிதரோடு பேச அவளுக்குப் பழகியிருந்தது கராமாக் கடைகளில் பேசும் ஹிந்தியும் நாலு அரபுச் சொல்லும்தான். பதற்றத்தில் அதெல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. "மேரா சிஸ்டர் இதர்... மாஃபி கேக்... சிஸ்டர்..." கேக் இல்லை, தங்கச்சி இங்கே என்று சொல்லப் பார்த்தாள். கிழவி இன்னும் உரக்கக் கேட்டாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். யாரோ அம்மாவின் தோளில் இடித்து முன்னே வரப் பார்த்தார்கள்.

அம்மா கண்ணாடிப் பெட்டியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். தலையை நிமிர்த்தி, கடையின் உள்பக்கத்தைப் பார்த்து, ஊரில் மாட்டைத் தேடும்போது கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

"தங்கச்சீ!"

கடை அப்படியே அடங்கிப்போனது. அந்த நகரத்தில் எத்தனை லட்சம் பேரோ, அந்தச் சொல்லுக்குத் திரும்ப அங்கே ஒரே ஒருத்திதான் இருந்தாள். உள்ளே தட்டு ஒன்று விழுந்து உருண்டது.

"அக்கா?"

மாவு படிந்த ஏப்ரனோடு வந்து நின்றாள் சின்னம்மா. அம்மாவின் மூக்கு, அம்மாவின் நெற்றி. செத்துப்போனவளுக்கு முகம் நன்றாகத்தான் இருந்தது. கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நான் காத்திருந்தேன். அவர்கள் சண்டை பிடித்தார்கள்.

"என்னக்கா, பாப்பரசர் வாற நேரத்தில இஞ்ச என்ன செய்யிறாய்?"

"நேற்றும் வந்தனான். பூட்டிக் கிடந்தது."

"சனிக்கிழமை ஆர் அக்கா யூதரின்ர கடைக்கு வாறது! உனக்கென்ன விசரே, ஓய்வுநாள் எண்டு தெரியாதே?"

"நீ சொல்லிவிட்டிருக்கலாம்தானே!"

அதற்குப் பிறகுதான் இரண்டு பேருக்கும் வாய் கோணியது. கிழவி சின்னம்மாவிடம் ஏதோ கேட்டாள். சின்னம்மா ஒரே ஒரு சொல்லில் பதில் சொன்னாள். கிழவி இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வரிசையைப் பார்த்து ஒரு அதட்டு அதட்டி, பெட்டியின் பக்கப்பலகையைத் தூக்கி எங்களை உள்ளே விட்டாள். சிரிக்கவில்லை.

உள்ளே அடுப்படிச் சூடு. மூலையில் இருந்த ஒரு வாங்கில் அம்மாவும் சின்னம்மாவும் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். ஊர், பெற்றவர்கள், யாருக்கு என்ன நோய், எந்த வீடு உடைந்தது, எல்லாம் ஒரே மூச்சில். இங்கே வேலை கடினமா என்று அம்மா கேட்டாள். சின்னம்மா வெளியே இருந்த கிழவியைக் காட்டினாள். முந்தி உலகப் போர்க்காலத்தில் ஒரு விடியக்காலை இந்தத் தெருவுக்கு ஜெர்மன்காரரின் லொறி வந்து கண்ணில் பட்ட யூதரையெல்லாம் ஏற்றிக் கேம்புக்குக் கொண்டுபோனதாம். போனதில் அநேகம் பேர் வரவே இல்லையாம்.

"இவவின்ர குடும்பத்தில மிஞ்சின ஆக்கள் திரும்ப வந்து, அதே அடுப்பை மூட்டினவை. இதே கேக்கைத்தான் சுட்டவை. பலகை ஒண்டும் எழுதி வைக்கேல்ல. தெரிஞ்சவன் வரட்டும் எண்டு விட்டிட்டினம். என்னை வேலைக்கு எடுக்கேக்க, உன்னை ஆர் கட்டினது, நீ ஆரைக் கட்டினனி எண்டு இவ கேக்கேல்ல அக்கா. மா பிசையத் தெரியுமோ எண்டு மட்டும்தான் கேட்டவ."

அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுப்பின் மறுபக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். மெலிந்த மனிதர். புருவத்தில் மாவு. ஒரு தட்டில் கேக்குத் துண்டுகளை வைத்துக் கொண்டுவந்து, அம்மாவிலிருந்து நாலடி தள்ளி நின்றார். அதற்குமேல் கிட்ட வரவில்லை.

"அக்கா, சாப்பிடுங்க. சூடு இருக்கு."

தமிழ் சரியாக வரவில்லை. எனக்கு அது புதினமாகப் படவில்லை. கராமாவில் எங்களுக்குப் பால் கொண்டுவருகிறவர், லோண்டரிக்காரர், எல்லாருமே இதைவிட மோசமான தமிழ்தான் பேசுவார்கள். அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அவர் தட்டை நீட்டியபடியே நின்றார். சின்னம்மா தன் ஏப்ரனின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அம்மா என்னை முதுகில் பிடித்து அவர் பக்கம் தள்ளினாள்.

"சித்தப்பா. குடுக்கிறதை வாங்கு."

நான் வாங்கினேன். அவர் சட்டென்று திரும்பிப் போய் அடுப்பைத் திறந்து உள்ளே குனிந்து பார்க்கத் தொடங்கினார். கேக் கருகிவிடுமோ என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். கருகவிடுவதுதானே இவர்களுடைய வேலை, பிறகு எதற்கு இவ்வளவு நேரம் பார்க்கிறார் என்றும் நினைத்தேன்.

புறப்படும்போது கிழவி இரண்டு கட்டிகளைத் தாளில் சுற்றி என் கையில் திணித்தாள். அப்போதும் சிரிக்கவில்லை. சின்னம்மா பாலம் வரைக்கும் ஏப்ரனோடு வந்தாள்.

நாங்கள் சதுக்கத்துக்கு ஓடி வந்தபோது பாப்பரசர் வந்து ஆசீர்வதித்துவிட்டுப் போயிருந்தார். கூட்டம் கலைந்துவிட்டது. எங்கள் பஸ்ஸில் எல்லாரும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் கையை வீசிக் கத்திக்கொண்டிருந்தான். அப்பா மட்டும் ஒரு காலைப் படியிலும் மற்றக் காலை வீதியிலும் வைத்துக் கதவைப் பூட்டவிடாமல் நின்றார். உள்ளே புழுக்கமாக இருக்கும், காற்றுக்கு நிற்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

அம்மா அவர் முன்னால் போய் நின்று கையை நீட்டினாள்.  அப்பா பையின் ஜிப்பைத் திறந்தார். அவளுடையதையும் என்னுடையதையும் எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்தாள். அன்றிலிருந்து அம்மாவின் பாஸ்போர்ட் அம்மாவிடம்தான் இருக்கிறது. அப்பாவின் பையில் ஜிப் பழுதாகிவிட்டது போலும் என்று நான் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து அடுத்த வெள்ளிக்கிழமை, செபக்கூட்டம் எங்கள் வீட்டில். ஷார்ஜாவிலிருந்து பெரியப்பா குடும்பத்தோடு வந்தார். அப்பாவுக்கு மூத்தவர், தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிறவர். ரோமில் நடந்தது அவர் காதுக்குப் பாதியாக வந்திருந்தது. செபம் முடிந்ததும் அம்மா தேத்தண்ணியோடு கேக்கைத் துண்டு போட்டு வைத்தாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே எடுத்து வைத்தாள். பெரியப்பா ஒரு துண்டைக் கடித்துவிட்டு, கருகினாலும் ருசிதான், யார் செய்தது என்று கேட்டார்.

பெரியவர்களுக்கு நடுவில் எனக்குத் தெரிந்த பதில் ஒன்று கேட்கப்படுவது அபூர்வம். நான் முந்திக்கொண்டேன்.

"என்ர சித்தப்பா சுட்டது."

எல்லாருடைய கண்ணும் ஒருசேரச் சுவரில் இருந்த படத்துக்குப் போனது. பெரியப்பா வாயில் இருந்ததைக் கைலேஞ்சியில் துப்பினார். அப்பாவைப் பார்த்தார்.

"பாண் வரிசையில செத்தவனடா உன்ர தம்பி. அவன்ர படத்துக்குக் கீழ வச்சு, ஒரு சிங்களவன் சுட்டதைத் தின்னக் குடுக்கிறாய். உந்தப் பிள்ளை அவனைச் சித்தப்பா எண்டுது. நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய்."

அம்மா எழும்பி வந்து பெரியப்பாவின் தட்டை எடுத்தாள். அவர் கடித்துவிட்டு வைத்த மீதியை நின்றபடி தின்றாள். அவசரப்படாமல் மென்று விழுங்கினாள்.

"அவனைக் கொன்றது ஷெல். இது சுட்டவர் என்ர தங்கச்சியின்ர புருசன். என்ர பிள்ளைக்கு அவர் சித்தப்பாதான். இந்த வீட்டில அப்பிடித்தான் சொல்லுவம்."

பெரியப்பா அவள் பக்கமே திரும்பவில்லை. நீ என்ன சொல்லுகிறாய் என்று அப்பாவையே கேட்டார். அப்பா தட்டில் இருந்த கருப்புத் துண்டுகளைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பெரியப்பாவின் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அண்ணை, தேத்தண்ணி ஆறுது" என்றார்.

பெரியப்பா தேத்தண்ணியைத் தொடவில்லை. செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு இறங்கிப் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழும்பினார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் செபக்கூட்டம் வைக்க யாரும் வரவில்லை. எனக்கு ஒருபுறம் சந்தோஷம், முழங்கால் தப்பியது. மறுபுறம், கேக்கை இவ்வளவு கருகவிடாமல் சுட்டிருந்தால் அவர்கள் கோபித்திருக்க மாட்டார்களே என்று ரோமில் இருந்த சித்தப்பா மேல் ஒரு குறை இருந்தது.

அன்று பின்னேரம் நாங்கள் மூன்று பேரும் மட்டும் செபமாலை சொன்னோம். முடிவில் என் முறை வந்தது. எனக்கு ஒரு சித்தப்பா சுவரில் இருந்தார், இன்னொருவர் அடுப்படியில் இருந்தார். வீட்டில் ஆள் கூடினால் எல்லாருக்கும் நல்லதுதானே.

"ரெண்டு சித்தப்பாவுக்காகவும்" என்று சொல்லி முதல் பாதியைச் சொல்லி முடித்தேன்.

மறுபாதியை எடுக்க வேண்டியவர் அப்பா. அவரிடமிருந்து சத்தம் வரவில்லை. அம்மாவும் எடுக்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டு முழங்காலில் இருந்தாள். கீழே சாப்பாட்டுக்கடையில் பாத்திரம் கழுவும் ஓசை கேட்டது. தினமும் சொல்கிற மந்திரம், அப்பாவுக்கு எப்படி மறந்துபோனது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பாவம் என்று நினைத்து, "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக..." என்று அவருக்கு நானே எடுத்துக் கொடுத்தேன். கொஞ்சம் பொறுத்து, உடைந்த குரலில், அவரும் வந்து சேர்ந்துகொண்டார்.